மூன்றாவது சீட்டு

ஆங்கில அகராதி அலுவலகத்துக்கு மனு வருவது புதிதல்ல. தன் மாமியார் மட்டுமே சொல்லும் ஒரு வசவைச் சேர்க்கச் சொல்லி ஒருவர் எழுதுவார். விவாகரத்து என்ற சொல்லை எடுத்துவிட்டால் குடும்பங்கள் உருப்படும் என்று இன்னொருவர் எழுதுவார். எல்லாருக்கும் ஒரே பதில்தான் போகும்: நாங்கள் சொற்களை உண்டாக்குவதில்லை, மக்கள் பயன்படுத்துவதைப் பதிவு செய்கிறோம், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இருபத்தாறு வருடமாக இந்தப் பதிலை எழுதி எழுதி அகராதிக்காரருக்குக் கை மரத்துப் போயிருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கமாவோடு சொல்லுவார்.

அந்தத் திங்கட்கிழமை வந்த மனு கொஞ்சம் கனமானது. சணல் கயிற்றால் கட்டிய காகிதக் கட்டு. இரண்டாயிரத்து முந்நூறு கையெழுத்து, நடுவே கைநாட்டுகளும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயருக்கு நீங்கள் போட்டிருக்கும் இரண்டாவது பொருளை எடுத்துவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அகராதியின் தலைமை ஆசிரியை அதைக் கொண்டுவந்து அகராதிக்காரர் மேசையில் வைத்து, "உங்க ஊர்தானே, நீங்களே பதில் எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அகராதிக்காரர் கயிற்றை அவிழ்த்தார். முதல் கையெழுத்து அவருடைய தங்கை கணவருடையது. கட்டை மறுபடியும் கட்டி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மனுவைப் பூட்டி வைத்தால் மனு போட்டவர்கள் இல்லாமல் போய்விடுவார்கள் என்று நினைக்கிற வயதெல்லாம் அவருக்கு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் பூட்டினார்.

அந்த அகராதியில் அவர் ஊருக்கு இரண்டு பொருள் இருந்தது. பெரிய எழுத்தில் தொடங்கும் முதல் பொருள் சாதுவானது. ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர், பழைய வழக்கில் 'நீர் தங்குமிடம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர், அவ்வளவுதான். சிறிய எழுத்தில் தொடங்கும் இரண்டாவதில்தான் வினை. வெளியே பளபளப்பாகவும் உள்ளே பொக்கையாகவும் இருக்கிற வேலை, ஏமாற்றுக் கட்டடம் என்று போட்டிருந்தது. வினைச்சொல்லாகவும் வரும் என்று ஒரு குறிப்பு. கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், யாரோ ஒரு நகரத்து நடைபாதையை 'அந்த ஊராக்கி' விட்டார்கள் என்று.

உச்சரிப்பும் அப்படித்தான், ஊருக்கு ஒன்று, அகராதிக்கு ஒன்று. ஊர்க்காரர்கள் முதல் அசையை அழுத்திச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவார்கள். பஸ் கண்டக்டர் கூவும்போது பாதிப் பெயர்தான் காதில் விழும், மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலச் செய்தி வாசிக்கிறவர்களோ முதல் அசையை அநாதையாக விட்டுவிட்டுக் கடைசி அசையைக் கொட்டாவிபோல இழுப்பார்கள். முதல் பொருளுக்கு இரண்டு உச்சரிப்பையும் கொடுத்திருந்தார் அகராதிக்காரர். இரண்டாவது பொருளுக்குக் கொட்டாவி மட்டும்தான். அது ஊருக்குச் செய்த மரியாதை என்று வெகுநாள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

கதை இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது. ஊரில் புதிதாக ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். வெளிர்நீலப் பூச்சு, உச்சியில் ஒரு கொடி. மேளதாளத்தோடு ஒரு பெரிய அதிகாரி வந்து திறந்து வைத்தார். மூன்றாம் நாள் தண்ணீர் ஏற்றினார்கள், அன்று மாலையே தொட்டி முழங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. கீழே இருந்த சைக்கிள் கடை மட்டும் நசுங்கியது, கடைக்காரர் அந்த நேரம் பார்த்து வெற்றிலை வாங்கப் போயிருந்தார். காண்டிராக்டர் ராவோடு ராவாகக் கம்பி நீட்டிவிட்டார். முதலில் ஊரே சிரித்தது. பிறகு தலைநகரத்து ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரைக்காரர், இடிந்த வேறு ஏதோ பாலத்தைப் பற்றி எழுதும்போது, ஊர்ப் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டுக் கேலி செய்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு சட்டசபை உறுப்பினர் பேச்சிலும் அது வந்தது. அந்தப் பேச்சு இன்னொரு ஏட்டில் அச்சிலும் ஏறியது.

அகராதிக்காரர் அப்போது அலுவலகத்தில் சேர்ந்து நாலு வருடம். பத்திரிகைகளைப் படித்து, புதுச் சொல் கண்டால் வெட்டி, சீட்டில் ஒட்டி, உறையில் போடுவதுதான் வேலை. எந்நேரமும் கையில் கத்தரியோடு திரிந்ததால் 'கத்தரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சொல் அகராதியில் ஏற வேண்டுமென்றால் உறைக்குள் மூன்று சீட்டு இருக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு ஆட்கள் எழுதியதாக, வெவ்வேறு ஏடுகளில் வந்ததாக இருக்க வேண்டும். எழுதியவர் பொருளை விளக்காமல் போகிற போக்கில் பயன்படுத்தியிருக்க வேண்டும். விளக்கினால் அது இன்னும் ஊருக்குள் வராத சொல் என்று கணக்கு. நல்ல விதிதான். அதை உண்டாக்கியவர் மனிதர்களை நம்பியிருக்கிறார், அதுதான் கோளாறு.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் முதலில் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கிறார்களோ, அந்தச் சொல் ஏறும் நாளில் மற்ற எல்லாரும் சேர்ந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். டீ என்றால் வெறும் டீ, வடைகூடக் கிடையாது. ஆனால் அந்த ஒரு கிளாஸ் டீக்குப் பிறகுதான் அந்த ஆள் மனிதக் கணக்கில் வருவார். "இது அவர் சொல்" என்று வருகிறவர்களிடம் காட்டுவார்கள். நாலு வருடமாகக் கத்தரிக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. அவருக்குப் பிறகு சேர்ந்தவர், இன்றைய தலைமை ஆசிரியை, இரண்டு டீ குடித்துவிட்டார்.

இந்த நிலைமையில் தொட்டி விழுந்தது. அலுவலகத்தில் அவரைச் சும்மா விடுவார்களா? நாற்காலி ஆடினால் உங்க ஊர்ச் சரக்கா என்பார்கள், டீயில் பால் குறைந்தால் உங்க ஊர்க் கலவையா என்பார்கள். மற்றவர்களாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். கத்தரி படித்தவர் அல்லவா, பெருந்தன்மை காட்டினார். சொந்த ஊர் என்று பாராமல் சொல்லை வேட்டையாடுகிற அறிஞன் தான் என்று காட்ட, தாமே உறை திறந்து, உறைமேல் தம் கையால் ஊர்ப் பெயரை எழுதினார். இரண்டு சீட்டு உள்ளே போனது. மூன்றாவது வரவில்லை. மூன்று மாதம், நாலு மாதம், ஒரு பத்திரிகை விடாமல் மேய்ந்தார். தொட்டியை எல்லாரும் மறந்துகொண்டிருந்தார்கள். பதிப்பு முடியும் தேதி நெருங்கியது.

அப்போது அவர் ஒன்று செய்தார். வாடகை அறையில் உட்கார்ந்து, வேறோர் ஆங்கிலப் பத்திரிகைக்கு 'ஆசிரியருக்குக் கடிதம்' ஒன்று தட்டச்சு செய்தார். தலைநகரத்து நடைபாதைகள் ஆறே மாதத்தில் பெயர்ந்து போவதைப் பற்றி ஒரு குடிமகனின் குமுறல். நடுவில் போகிற போக்கில், விளக்கமே இல்லாமல், ஊர்ப் பெயரை வினைச்சொல்லாகப் போட்டார். கீழே 'ஓய்வுபெற்ற தபால்காரர்' என்று எழுதினார். ஒன்பதாம் நாள் அச்சில் வந்தது. அதைத் தாமே கத்தரித்தார், தாமே ஒட்டினார், தாமே உறையில் போட்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள், இங்கே மேய்ந்துவிட்டு ரசீதும் போட்டுக்கொண்டது. பதிப்பு வெளிவந்த அன்று பதினோரு பேர் சேர்ந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். சூடாக இருந்தது, நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அகராதியில் இருக்கிறது என்றால் போதுமே, பத்திரிகைக்காரர்கள் கூச்சமில்லாமல் எழுத ஆரம்பித்தார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' பகுதியில் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளே அதை வாக்கியத்தில் அமைத்து எழுதி மார்க் வாங்கின. நகரத்து அலுவலகக் கவுண்டர்களில் எந்த ஊர் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லப் பழகினார்கள். பெயரைச் சொன்னால் எதிரே இருக்கிறவர் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிவார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடப் பொய் சொல்வது சுலபம்.

பொய் சொல்ல மறுத்தவர் ஒரே ஆள், தங்கை கணவர். கட்டட மேஸ்திரியாக இருந்து சின்ன அளவில் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர். கீழே பதினாலு ஆட்கள். அவர் கட்டும் சுவரில் யானை சாய்ந்தாலும் யானைக்குத்தான் முதுகு வலிக்கும் என்று ஊரில் சொல்லுவார்கள். ஒரு செங்கல் போதும் என்கிற இடத்தில் ஒன்றரை வைப்பார், கைக்காசு போனாலும் சரி. தொழிலுக்கு ஊர்ப் பெயரையே வைத்திருந்தார். வேனின் இரண்டு பக்கமும் அந்தப் பெயர் ஆள் உயர எழுத்தில் இருக்கும். அந்தப் பெயராலேயே கை நழுவிய வேலைகள் உண்டு. இப்போது நகரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் கைக்கு வரும்போல இருந்தது. பள்ளிக் கட்டடக் குழுவினர் வந்து அவர் கட்டிய சுவர்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், திருப்தி. ஒரே ஒரு நிபந்தனை, நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட வேண்டும். இந்தப் பெயரைப் பலகையில் போட்டால் பெற்றவர்கள் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்களாம். மேஸ்திரி மாட்டேன் என்றார். பெயரை நான் மாற்றமாட்டேன், பொருளை அவர்கள் மாற்றட்டும் என்று சொல்லிவிட்டு, மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

இதையெல்லாம் தங்கைதான் போனில் சொன்னாள். மாதக் கடைசிக்குள் பதில் வந்தால் குழுவிடம் காட்டலாம் என்றாள். அண்ணன் அங்கேயே இருக்கும்போது என்ன கவலை, ஒரு வரிதானே, அழிச்சா அழிஞ்சுடும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறேன் என்றார் அவர். போனை வைத்த பிறகும் காது சுட்டது.

மறுநாள் காலையில் கீழ்த்தளத்துக்குப் போய் அந்த உறையை எடுத்தார். ஒரு உறை இப்போது நாலு பெட்டியாகப் பெருகியிருந்தது. முதல் பெட்டியின் அடியில் மூன்றாவது சீட்டு, பசை மஞ்சளாகி, ஓரம் சுருண்டு கிடந்தது. மூலையில் அவருடைய இளவயதுக் கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு, ஜம்பமாக. கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நாற்காலியில் உட்காரவில்லை.

அந்த அம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று அகராதிக்காரர் எதிர்பார்த்தார், ஒரு மாதிரியாக அதை விரும்பினார் என்றுகூடச் சொல்லலாம். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப மொத்தம் எத்தனை சீட்டு இருக்கு?"

"அறுநூத்திப் பதினொண்ணு."

"இதை எடுத்துட்டா அறுநூத்திப் பத்து. அவ்வளவுதானே. ஆரம்பத்துல நீங்க பொய் சொன்னீங்க. ஆனா இப்ப அது நிஜமாயிடுச்சே. நிஜமா இருக்கற சொல்லை எப்படி எடுக்கறது?"

சீட்டை எடுத்துவிடலாம், சொல் போகாது என்பதுதான் அவர் தீர்ப்பு. ஓய்வு பெற எட்டு மாதம்தானே இருக்கிறது, இதை வெளியே கொண்டுபோய் யாருக்கு என்ன லாபம் என்றும் சொன்னார். இது அவர் காட்டிய கருணை. தண்டனை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பார் மனிதர், கருணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. தம் மேசைக்குத் திரும்பி, பதில் கடிதத்தை எழுதினார். நாங்கள் சொற்களை உண்டாக்குவதில்லை என்ற வரியைத் தட்டும்போது விரல் நின்றது, பிறகு போனது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு.

மாலையில் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரி வேலைத்தளத்திலிருந்து வர நேரமாகும் என்றாள் தங்கை. பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்தில் அவள் வாளியோடு நின்றுகொண்டிருந்தபோதே சொல்லிவிட்டார். வேறு இடம் தேடினால் தைரியம் போய்விடும் என்ற பயம். சீட்டு, கடிதம், தபால்காரர், டீ, எதையும் விடவில்லை. அவள் பாதிவரை புரியாமல் கேட்டாள், புரிந்த பிறகு வாளியைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட சொல்லப்போறியா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

"சொல்லாதே அண்ணா. சொன்னா உனக்குப் பாரம் இறங்கிடும். இறங்கின பாரம் எங்க போகும்? அவர் தலைமேலதானே போய் உக்காரும்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊரெல்லாம் என் மச்சான் அங்க இருக்காரு, நமக்காகப் போராடுவாருன்னு சொல்லிட்டுத் திரியறார். அந்த மனுஷனுக்கு இருக்கற ஒரே பெருமை அதுதான். அதையும் பிடுங்கிடாதே. பதிலைப் படிச்சுக் காட்டு, முடியலைன்னு சொல்லு. வியாழக்கிழமை வரைக்கும் இரு, நல்லாச் சாப்பிடு, போ."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட வசதியும் இருந்தது. அன்று மேஸ்திரி களைத்துப்போய் வந்தார், முகம் கழுவிக்கொண்டே, மச்சான் வந்தாச்சா, அப்ப நல்ல சேதிதான் என்றார். நாளைக்குப் பேசிக்கலாம் என்று இவர் நழுவினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. சாப்பிடும்போது மேஸ்திரி தம் தட்டிலிருந்ததை எடுத்து இவர் தட்டில் வைக்க, இவர் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தார்.

மறுநாள் மேஸ்திரி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்ததும், படிங்க மச்சான் என்றார். அகராதிக்காரர் கடிதத்தைப் பிரித்து, ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பதும் அதன் பொருளைச் சொல்வதுமாகப் போனார். ஊர்ப் பெயர் வந்த இடத்தில், இருபத்தாறு வருடப் பழக்கம், வாய் தானாகக் கொட்டாவி உச்சரிப்பையே சொன்னது. மேஸ்திரி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மோவாயைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப எடுக்க மாட்டாங்க."

"முடியாது மாப்பிள்ளை."

"யாரும் வேணும்னு செய்யலை. ஜனங்க சொன்னாங்க, அவங்க எழுதிக்கிட்டாங்க. அப்படித்தானே?"

அகராதிக்காரர் கடிதத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்த்தார். சமையலறை வாசலில் தங்கை ஈரக் கையோடு வந்து நின்றாள். மேஸ்திரி கண்ணைத் திறந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்தச் சுவரும் அவர் கட்டியதுதான்.

"தெரியும் மச்சான். எனக்கு இது நல்லா வேணும். அந்தத் தொட்டியில நானும் வேலை செஞ்சேன். கல்யாணத்துக்கு முந்தி. இவளுக்கே தெரியாது. சிமெண்டு ஒண்ணுக்கு மணல் நாலு கலக்கணும்னு இருந்துச்சு, காண்டிராக்டர் ஒண்ணுக்கு ஒம்பது போடுன்னான். போட்டேன். நிக்காதுன்னு கைக்குத் தெரிஞ்சுது. மேல பூச்சும் நான்தான் பூசினேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. அதைப் பாத்துத்தானே வெளிய பளபளப்பு, உள்ள பொக்கைன்னு எழுதினாங்க? இந்த ஊருக்கு அந்தப் பேரை வாங்கிக் குடுத்தது நான். அதான் வீடு வீடா நானே போனேன். மத்தவங்களுக்குக் கையெழுத்து. எனக்கு அது ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேட்ட மாதிரி."

தங்கையின் முகம் வெளுத்தது. அவள் கணவரைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு தடவை, மிக லேசாக, தலையை அசைத்தாள்.

ஒன்றரைச் செங்கல் சுவர்கள், மாற்ற மறுத்த பெயர், கைக்காசு போட்டுச் செய்த வேலைகள் எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் அகராதிக்காரருக்குப் புரிந்தது. தாம் உண்டாக்கிய பழியை இந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாகச் சுமந்து வந்திருக்கிறார், அதுவும் தம்முடையது என்று நினைத்து. தாம் பேசாமல் இருந்தால் சாகும்வரை சுமப்பார். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை டீயைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மேஸ்திரி, கலவையின் அளவை விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"நீங்க அந்த மூணாவதைப் போடலைன்னா?"

"அந்தப் பதிப்புல ஏறியிருக்காது. அடுத்தது எட்டு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுக்குள்ள ஜனங்க மறந்திருப்பாங்க. மறந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"தொட்டி விழுந்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்."

"ஆமா."

"எதுக்கு மச்சான் செஞ்சீங்க?"

பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவர் மனத்துக்குள் துழாவினார். வறுமை இல்லை, மிரட்டல் இல்லை, பகை இல்லை. "எனக்கும் ஒரு சொல் இருக்கணும்னு" என்றார்.

மேஸ்திரி அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, அவருடைய சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தார். திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். மேஸ்திரி எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வேலைத்தளத்துக்குக் கிளம்புகிறவராக வாசல்வரை போய், அங்கிருந்து மனைவியிடம் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலு இருபதுக்கு" என்றாள் அவள்.

அவர் போன பிறகு அகராதிக்காரர் தங்கையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பையோடு வந்தாள். காலையில் அவள் துவைத்துப் போட்டிருந்த அவருடைய சட்டையை, ஈரம் காயாமலே, மடித்து உள்ளே வைத்திருந்தாள். பையை அவர் காலடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை.